கேப் கைத்தடி வெடிக்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

தரையில் ஒரு தட்டு தட்டினால் 'பட்' என்று கேப், அதாவது பொம்மைத் துப்பாக்கியில் போடும் பொட்டு வெடி, வெடிக்கும் பொம்மைக் கைத்தடி, பார்க்க எளிமையான சாமான்தான். ஒரு தடி, அதன் அடியில் ஒரு குழாய், குழாய்க்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர், நடுவில் ஒரு ஸ்பிரிங். ஆனால் கையால் செய்து பார்ப்பவர்களுக்கு அது ஏதாவது ஒரு வகையில் தகராறு செய்யும். தட்டினால் வெடிக்காது, மூலையில் சாய்த்து வைத்தால் வெடிக்கும். சிமென்ட் தரையில் வெடிக்கும், வாசல் மண்ணில் வெடிக்காது.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். கையிலிருந்து கிளம்பும் அடி கேப்பிடம் போய்ச் சேருவதற்குள் வழியில் எங்கோ செலவாகிவிடுகிறது. ரப்பர் தின்றுவிடுகிறது, மரம் தின்றுவிடுகிறது, கோணல் தின்றுவிடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் போதும். அதை விட்டுவிட்டு இரண்டு கேப், மூன்று கேப் அடுக்கி வைத்துச் சத்தம் வரவைக்கப் பார்ப்பது தவறான வழி மட்டுமல்ல, ஆபத்தான வழியும்கூட.

இந்தப் பொம்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகள் கையில் வெடிக்கும் தடிகள் இருந்தன. இரும்பு முனையில் கேப்பை வைத்து நடைபாதையில் குத்தினால் வெடிக்கும். அதே காலத்தில் வெற்றுத் தோட்டாவும் (குண்டு இல்லாமல் மருந்து மட்டும் உள்ள தோட்டா) வீரியமான வெடிமாத்திரையும் போடும் முரட்டுத் தடிகளும் விற்றன. வெற்றுத் தோட்டாவால் வந்த காயங்களில் ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டு பிள்ளைகள் இறந்தார்கள். 1903 முதல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஆண்டுதோறும் ஜூலை 4 காயங்களையும் சாவுகளையும் கணக்கெடுத்து வெளியிட்டது. அந்தக் கணக்குதான் பாதுகாப்பான கொண்டாட்டம் வேண்டும் என்ற இயக்கத்துக்குப் பலம் கொடுத்தது. அதனால் இங்கே பேசப்போவது கடையில் விற்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்பை மட்டும் ஏற்கும் தடி. நிஜத் துப்பாக்கியின் பிரைமருக்கோ (தோட்டாவைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) தோட்டாவுக்கோ இதில் இடமே இருக்கக் கூடாது. கேப் உட்காரும் குழியை அதன் அளவுக்கு மட்டுமே செய்யுங்கள். பெரிதாக எதுவும் உள்ளே நுழையக் கூடாது. குழாய் முன்பக்கம் திறந்து, துப்பாக்கிக் குழல் மாதிரியும் இருக்கக் கூடாது.

கோளாறுக்குப் போகுமுன் நான் எந்த அமைப்பை மனதில் வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தடியின் அடிமுனையில் பித்தளைக் குழாய் ஒன்று பூண் மாதிரி இறுக்கமாகச் செருகியிருக்கிறது. குழாய்க்குள், தடியின் முனையை ஒட்டி ஓர் எஃகு போல்ட்டின் தலை தட்டையாக நிற்கிறது. இதைப் பட்டடை என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து ஒரு பிளஞ்சர் மேலே வருகிறது. அதன் மேல்நுனி சற்றே உருண்ட மூக்கு, கீழ்நுனி அகலமான பாதம். பட்டடையையும் பிளஞ்சரையும் ஒரு ஸ்பிரிங் விலக்கி வைத்திருக்கிறது. குழாயின் பக்கவாட்டில் கேப் வைக்க ஒரு சன்னல், அதற்கு எதிர்ப்பக்கத்தில் காற்றும் புகையும் போக இரண்டு மூன்று பிளவுகள். தடியைத் தரையில் தட்டும்போது பாதம் நின்றுவிடும், தடி தன் எடையோடு கீழே இறங்கும், பட்டடைக்கும் மூக்குக்கும் நடுவில் கேப் நசுங்கும். வேலை அவ்வளவுதான்.

எத்தனை தட்டினாலும் வெடிக்கவே இல்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது தடியை அல்ல, கேப்பை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேப்பை வெளியே கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். அங்கேயும் வெடிக்கவில்லை என்றால் கேப் நமத்துப் போயிருக்கிறது. தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ரோல் கேப் என்பது காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்தது; அந்தக் காகிதம் ஈரத்தை இழுக்கும், பொட்டு வீங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும். காற்றோட்டமான நிழலில் பிரித்து வைத்தால் சில சமயம் தேறும். அடுப்புப் பக்கமோ இஸ்திரிப் பெட்டிப் பக்கமோ கொண்டுபோகவே கூடாது. தேறாததைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

கல்லில் வெடித்த கேப் தடியில் வெடிக்கவில்லை என்றால் தடியில்தான் குறை. இதற்குக் கார்பன் தாள் சோதனையைப் போல உதவும் வேறொன்று எனக்குத் தெரியாது. கேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வெள்ளைக் காகிதத் துண்டையும் அதன் மேல் கார்பன் தாளையும் செருகி, வழக்கம்போல ஒரு தட்டு தட்டுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் அடி எப்படி விழுந்தது என்பது படமாகவே பதிந்திருக்கும்.

நடுவில் அடர்த்தியாக ஒரு பொட்டு விழுந்திருந்தால் அடி சரி. பிறைபோல ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தால் பிளஞ்சர் சாய்ந்து வருகிறது. வளையமாக விழுந்து நடு வெள்ளையாக இருந்தால் மூக்கிலோ பட்டடையிலோ நடுவில் பள்ளம். எழுத்து மாதிரி ஏதாவது பதிந்திருந்தால் சிரித்துக்கொள்ளலாம், அது போல்ட் தலையில் புடைத்து நிற்கும் தர எண். கேப் அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒளிந்துகொள்ளும். அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்து, தலையை வழவழப்பாக்கினால் பிரச்சினை தீரும். ஒன்றுமே பதியவில்லை அல்லது மங்கலாக மட்டும் பதிந்திருக்கிறது என்றால் மூக்கு பட்டடையைத் தொடவில்லை. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டு, மூக்கை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுங்கள், அல்லது மூக்கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டுங்கள்.

படம் சரியாக இருந்தும் வெடிக்கவில்லையா? அப்படியானால் அடி விழுகிறது, ஆனால் மெத்தென்று விழுகிறது. கேப்புக்குள் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும். திடீரென்று நசுங்கி உரசினால்தான் அவை எதிர்பார்த்தபடி எரியும், மெதுவாக அழுத்தினால் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆகவே அடி செல்லும் பாதையில் மெத்தென்ற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் பழைய ஊன்றுகோலை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறோம், அதன் ரப்பர் புஷ் அப்படியே இருந்துவிடுகிறது. தாத்தாவுக்கு வழுக்காமல் இருக்க வைத்த அதே ரப்பர்தான் இங்கே அடியைக் குடித்துவிடுகிறது. அதைக் கழற்றுங்கள். பட்டடை போல்ட் நேராக மரத்தில் உட்கார்ந்திருந்தால் மரம் குழிந்துகொடுக்கும், நடுவில் தடித்த இரும்பு வாஷர் ஒன்று வையுங்கள். மூக்கு அலுமினியத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள். சீக்கிரமே தட்டையாகிப் போகும். இரண்டு முகமும் எஃகாக இருப்பதே நல்லது.

மூக்கின் அகலமும் முக்கியம். அதே அடி சின்னப் பரப்பில் விழுந்தால் அழுத்தம் கூடும். 10 மில்லிமீட்டர் மூக்கை 5 மில்லிமீட்டர் ஆக்கினால் பரப்பு நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. ரோல் கேப்புக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் போதும், நுனி லேசாக உருண்டிருக்கட்டும். ஊசியாகக் கூராக்கிவிடாதீர்கள், காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர வெடிக்க வைக்காது.

ஒரு தடவை வெடிக்கிறது, அடுத்த தடவை ஏமாற்றுகிறது

இது கேப் உட்காரும் இடத்தின் கோளாறு. பொட்டு ஒவ்வொரு முறையும் மூக்குக்கு நேராக வர வேண்டும். ரோல் கேப்பைத் துண்டாகக் கிழித்துப் போடும்போது ஒரு துண்டில் பொட்டு நடுவில் இருக்கும், இன்னொன்றில் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். கத்தரியால் பொட்டுக்குப் பக்கத்தில் வெட்டப் போகாமல், இரண்டு பொட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றுக் காகிதத்தில் கையால் கிழியுங்கள். பட்டடையில் காகிதத்தின் அகலத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம் எடுத்துவிட்டால் கேப் இப்படி அப்படி நகராது.

பிளாஸ்டிக் ரிங் கேப் என்றால் கதை வேறு. அந்தச் சிவப்பு வளையத்தில் எட்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும், மருந்து கிண்ணத்தின் அடியில். மூக்கு கிண்ணத்துக்குள் போய் அடியைத் தொட்டால்தான் வெடிக்கும். கிண்ணத்தின் விளிம்பில் இடித்து நின்றால் பிளாஸ்டிக் நசுங்கி, அடி அங்கேயே முடிந்துவிடும். வாங்கிய கேப்பை அளந்து, உள்வாயை விடக் கொஞ்சம் சன்னமாக மூக்கைச் செய்யுங்கள். ரோல் கேப் மூக்கு ரிங் கேப்புக்கு ஒத்துவராது, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று செய்யப் போனால் இரண்டிலும் சொதப்பும். ஏதாவது ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு ரிங் கேப்பைத்தான் சொல்வேன். ஈரத்தை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது, ஒவ்வொன்றும் தன் கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

கேப் சரியாக உட்கார்ந்தும் ஏமாற்றினால் பிளஞ்சரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அடிக்கும். வழிகாட்டும் குழாயின் நீளம் பிளஞ்சரின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இயந்திர வேலைக்காரர்கள் பின்பற்றும் பழைய கணக்கு. 15 மில்லிமீட்டர் பிளஞ்சர் என்றால் 30 மில்லிமீட்டராவது குழாய்க்குள் தழுவி ஓட வேண்டும். இடைவெளி கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கும் இறுக்கமாகச் செய்தால் லேத்திலிருந்து வந்த அன்று அழகாக ஓடும், பத்துக் கேப் வெடித்ததும் கரி அடைத்து நின்றுவிடும்.

சிமென்டில் வெடிக்கிறது, மண்ணில் வெடிக்கவில்லை

தரை பாதத்தை நிறுத்தினால்தான் தடி அதன் மேல் இறங்க முடியும். மண்ணிலும் புல்லிலும் பாதம் உள்ளே புதைந்து, தடியோடு சேர்ந்தே போய்விடுகிறது. பாதத்தை அகலமாக்கினால் ஓரளவு சரியாகும். 25 மில்லிமீட்டர் விட்டம் கெட்டித்த மண்ணுக்குப் போதும், புல்தரைக்குப் போதாது. எல்லாத் தரையிலும் வெடிக்க வேண்டுமென்றால் உள்ளேயே ஸ்பிரிங் இழுத்துப் பிடித்து விடுவிக்கும் சுத்தியல் அமைப்பு வேண்டும், அது வேறு வேலை. குழந்தை கையில் கொடுப்பதற்குத் தரையில் தட்டும் எளிய அமைப்பே மேல் என்பது என் கருத்து. பாகம் குறைவு, தானாகத் தயார் நிலையில் எதுவும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

டைல்ஸ் தரை இருக்கும் வீடு என்றால் எஃகுப் பாதம் தரையைக் கெடுத்துவிடும். பாதத்தின் அடியில் கெட்டியான நைலான் வில்லை ஒன்றை 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டலாம். அது ரப்பர் அளவுக்கு அடியைத் தின்பதில்லை. ஆனால் எப்படியும் வீட்டுக்குள் வெடிக்க வேண்டியதில்லை.

வெடிக்கிறது, ஆனால் 'புஸ்' என்று போகிறது

புகையும் வாசனையும் வருகிறது, சத்தம் இல்லை. அடி மெதுவாக விழுந்து, மருந்து வெடிக்காமல் எரிந்திருக்கிறது. முதல் அறிகுறியில் சொன்ன ரப்பர், மரம், அகல மூக்கு மூன்றையும் மறுபடி பாருங்கள். நமத்த கேப்பும் இப்படித்தான் செய்யும்.

அடியெல்லாம் சரி, சத்தம் மட்டும் பொத்திப் போட்ட மாதிரி வருகிறது என்றால் பிளவுகளைப் பாருங்கள். எரிந்த காகிதத் துணுக்கு அடைத்திருக்கும், அல்லது பிளவு மிகச் சிறிதாக இருக்கும். கேப்பிலிருந்து கிளம்பும் வாயு ஒரே வீச்சில் வெளியே பாய்ந்தால்தான் காதுக்குச் சுருக்கென்று கேட்கும். குழாயின் சுற்றளவில் கால்பங்கு அளவுக்குப் பிளவு திறந்திருந்தால் நல்ல சத்தம் வருகிறது. அவற்றை வெடிப்பு நடக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள், இரண்டு விரல் மேலேயோ கீழேயோ வைத்தால் பயனில்லை.

எத்தனை கேப் வைத்தால் இன்னும் சத்தமாக இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுதான். அமெரிக்க விதிப்படி ஒரு பொம்மைக் கேப்பில் சராசரியாக 0.25 கிரெயினுக்கு மேல், அதாவது சுமார் 16 மில்லிகிராமுக்கு மேல், வெடிமருந்து இருக்கக் கூடாது. உங்கள் குழாயும் பிளவும் ஒரு கேப்பின் வேகத்தைத் தாங்குவதற்காகச் செய்தவை. கேப்பைச் சுரண்டி மருந்தைச் சேர்ப்பது அதைவிட மோசம். குளோரேட்டும் பாஸ்பரஸும் கலந்த தூள், சுரண்டும் உராய்விலேயே கையில் வெடிக்கும். அதை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

வேண்டாத நேரத்தில் வெடிக்கிறது

இந்த ஒரு அறிகுறி தெரிந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைச் சரிசெய்யுங்கள். வெடிக்காத தடி ஏமாற்றம் தரும், அவ்வளவுதான். தானாக வெடிக்கும் தடியைப் பிள்ளை கையில் கொடுக்கவே முடியாது.

மூலையில் சாய்த்து வைத்தபோது சரிந்து விழுந்து வெடித்தால் ஸ்பிரிங் பலவீனம். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தடியின் எடை 350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நேராக நிறுத்தினால் அந்த எடை முழுவதும் பிளஞ்சர் மேல் நிற்கும். ஸ்பிரிங் ஆரம்ப நிலையிலேயே ஒரு கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு முன்னழுத்தத்தோடு இருந்தால் மூக்கு அசையாது, கை லேசாகப் பட்டாலும் அசையாது. அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போட்டால் தட்டும்போது வெடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் வரும். போகாது. 350 கிராம் தடி 10 சென்டிமீட்டர் இறங்கும்போது அதனிடம் 0.34 ஜூல் ஆற்றல் இருக்கும். சராசரியாக 12 நியூட்டன் விசையுள்ள ஸ்பிரிங்கை 4 மில்லிமீட்டர் அமுக்குவதற்கு 0.05 ஜூல் போதும். ஏழில் ஒரு பங்குதான் ஸ்பிரிங்குக்குப் போகிறது, மிச்சமெல்லாம் கேப்புக்கு. கையும் சேர்ந்து தள்ளுவதால் நிஜத்தில் இன்னும் கூடும். எனவே ஸ்பிரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒரு பிள்ளை முழு உடம்பையும் சாய்த்தால் அமுங்கத்தான் செய்யும். அதனால் குறுக்கே ஒரு பூட்டு ஊசி கட்டாயம். குழாயிலும் பிளஞ்சரிலும் நேர்க்கோட்டில் துளையிட்டு, 3 மில்லிமீட்டர் எஃகு ஊசி செருகுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது மூக்குக்கும் பட்டடைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டராவது சந்து நிற்க வேண்டும். ஊசியின் தலையில் சிவப்பு நாடா கட்டித் தடியோடு முடிந்துவிடுங்கள், தொலையாது, தூரத்திலிருந்தே தெரியும். கேப் போடுவது ஊசி உள்ளே இருக்கும்போது, ஊசியை உருவுவது தட்டுவதற்கு முந்திய நொடியில். இந்த வரிசையைப் பிள்ளைக்கு முதலில் கேப் இல்லாமலே பழக்குங்கள்.

ஊசியைச் செருகிவிட்டு, கேப் போடாமல், கார்பன் தாளை வைத்துத் தடியை ஆள் உயரத்திலிருந்து நேராகக் கீழே போட்டுப் பாருங்கள். கிடைமட்டமாகவும் போடுங்கள், தலைகீழாகவும் போடுங்கள். தாளில் ஒரு புள்ளிகூட விழக் கூடாது. விழுந்தால் ஊசித் துளை அகலம் அல்லது ஊசி வளைகிறது.

தட்டிய அடியில் வெடிக்காமல், கையில் எடுத்துப் பார்க்கும்போது வெடிப்பதும் உண்டு. பாதி நசுங்கிய கேப் முன்னைவிட உராய்வுக்குக் கோபமாக இருக்கும். எனவே ஏமாற்றிய கேப்பை விரலாலோ ஆணியாலோ சுரண்டி எடுக்காதீர்கள். அதே இடத்தில் இன்னும் இரண்டு தடவை தட்டுங்கள். அப்போதும் வெடிக்கவில்லை என்றால் ஊசியைப் போட்டு, முனையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, ஊறியதும் எடுங்கள்.

இன்னொன்று, இது தடியின் கோளாறில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். மிச்சக் கேப்பைப் பிள்ளைகள் கால்சட்டைப் பையில்தான் போடுவார்கள், அதே பையில் சில்லறையும் சாவியும் பம்பரமும் இருக்கும். உரசினால் பைக்குள்ளேயே பற்றும். கேப் அதன் சொந்த அட்டைப்பெட்டியில், பெரியவர் கையில் இருக்கட்டும்.

காலில் சுடுகிறது, துணுக்கு தெறிக்கிறது

வெடிக்கும் இடம் பாதத்துக்குப் பக்கத்தில் என்பதால் வெறுங்காலோடு இருக்கும் பிள்ளைக்குச் சுரீர் என்று படும். பிளவுகளைத் தடியைப் பிடிப்பவருக்கு எதிர்ப்பக்கமாகவும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகவும் வெட்டுங்கள். மேல்நோக்கி ஒரு பிளவும் வேண்டாம். கைப்பிடி வளைவு எந்தத் திசையில் இருக்கிறதோ அதை வைத்துத் தடியின் முன்புறம் பின்புறம் முடிவாகிவிடும், எனவே வளைந்த பிடி வைப்பது அழகுக்கு மட்டுமல்ல. கேப் போடும் சன்னலை மூட, குழாயின் மேல் சுழலும் ஓர் உறை வளையம் போடுங்கள். கேப் வைத்ததும் அரைச்சுற்றுச் சுழற்றினால் சன்னல் மூடும், பிளவு திறந்திருக்கும். செருப்பும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் தட்ட வேண்டாம்.

நேற்று நன்றாக ஓடியது, இன்று பிளஞ்சர் அசையவில்லை

கேப் கரி வெறும் கரி இல்லை. பாஸ்பரஸ் எரிந்தால் வரும் வெள்ளைப் பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பாஸ்பாரிக் அமிலமாகிறது. குளோரேட்டிலிருந்து மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, உப்புதான். அமிலமும் உப்பும் ஈரமும் சேர்ந்து ஓர் இரவு முழுக்க எஃகின் மேல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வார்ப்பிரும்புக் கேப் துப்பாக்கிகளில் சுத்தியல் விழும் இடம் மட்டும் குழிகுழியாக அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

வெறும் எண்ணெய் விட்டால் சரியாகாது, உப்பு எண்ணெயில் கரையாது. விளையாடி முடித்த அன்றே பிளஞ்சரைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பிறகு பிளஞ்சரின் பக்கங்களில் மட்டும் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய். மூக்கிலும் பட்டடையிலும் எண்ணெய் படக் கூடாது, அடுத்த கேப்பின் காகிதம் அதைக் குடித்துவிட்டு நமத்ததைப் போல நடந்துகொள்ளும். கழற்றிக் கழுவுவதற்கு வசதியாகப் பிளஞ்சரை ஒரே ஒரு குறுக்கு ஊசியில் நிற்கும்படி முதலிலேயே திட்டமிடுங்கள். ஸ்பேனரும் திருப்புளியும் தேவைப்படும் தடியை யாரும் இரண்டாம் நாள் கழுவுவதில்லை.

தடி விரிகிறது, பூண் கழல்கிறது

மரத்தின் நுனியில் நேராகத் திருகப்பட்ட போல்ட் நிலைக்காது. நரம்புகளுக்கு இணையாக ஓடும் மரை ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், கடைசியில் தடி நீளவாக்கில் பிளக்கும். போல்ட்டின் தண்டுக்குக் குறுக்கே மரத்தையும் குழாயையும் சேர்த்துத் துளைத்து ஓர் ஊசி அடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். பூண் மரத்தில் குறைந்தது 40 மில்லிமீட்டர் ஏறியிருக்கட்டும். உலக்கைக்குப் பூண் போடும் கொல்லரிடம் கொடுத்தால் உங்களைவிட நன்றாகவே ஏற்றிக் கொடுப்பார்.

மூங்கில் என்றால் கணு அடிமுனைக்குப் பக்கத்தில் வருமாறு அறுங்கள். கணுவுக்குக் கீழே வெறும் குழலாக நீட்டிக்கொண்டிருந்தால் நாலு தட்டில் வாய் பிளந்துவிடும். எடை குறைந்த மூங்கிலுக்கு அடிமுனையில் கொஞ்சம் கனமான பட்டடை வைத்தால் அடியும் கூடும்.

சத்தம் அதிகமாக இருக்கிறது

சிலருக்கு இது கோளாறாகவே தோன்றாது, ஆனால் தோன்ற வேண்டும். கேப் வெடிக்கும் பொம்மைக்கு ஐரோப்பியத் தரநிலை வைத்திருக்கும் உச்சவரம்பு, 50 சென்டிமீட்டர் தூரத்தில் 125 டெசிபல். இந்தியாவில் பட்டாசுக்கும் 125 டெசிபல் என்ற எண் உண்டு, ஆனால் அது 4 மீட்டர் தூரத்தில் அளப்பது. தூரம் எட்டு மடங்கு குறையும்போது ஏறத்தாழ 18 டெசிபல் கூடும் என்பதால் இரண்டும் ஒன்றல்ல, பொம்மைக்கான விதி எவ்வளவோ கடுமையானது. அமெரிக்காவில் கேப் பெட்டி மேல் காதுக்கு ஓர் அடிக்குள் வெடிக்காதே, வீட்டுக்குள் பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கையே உண்டு.

இந்த விஷயத்தில் தடி துப்பாக்கியைவிட நல்லது. வெடிப்பது தரையில், காது ஒரு மீட்டருக்கு அப்பால். ஆனால் பக்கத்தில் குந்தியிருக்கும் தம்பியின் காது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாடிப்படி, லிஃப்ட், கார் நிறுத்தும் தளம் மாதிரி எதிரொலிக்கும் இடங்களில் தட்ட வேண்டாம். இன்னும் சத்தமாகத் தெரிந்தால் பிளவைக் குறுக்குங்கள், உறை வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். பிளவுகளை முழுக்க மட்டும் மூடிவிடாதீர்கள், வாயு வேறு வழி தேடும், கரியும் உள்ளேயே தங்கும். தீபாவளிக்கு என்றால் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான், அந்த நேரத்துக்குள் தட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, பூட்டு ஊசியைப் போட்டு எடுத்து வையுங்கள்.